அட்டை போட்ட கொலை

பஸ் நிலையக் கடையில் வாங்கும் ராஜேஷ்குமார் நாவலுக்குப் பழுப்பு அட்டை போட்டுவிடுவது என் வழக்கம். ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலுக்குப் போட்டதில்லை.

போன வாரம் பாங்கில், பாஸ் புத்தகம் நீட்டிய பெரியவர் என் மேஜையைப் பார்த்து, “ஏனுங்க தம்பி, என்ன புஸ்தகமுங்க?” என்றார். ‘நாகம்மாள்’ என்றேன். அட்டைக்குள் இருந்தது கோவைக்காரர் எழுதிய 1,500க்கு மேற்பட்ட நாவல்களில் ஒன்று.

ஏன் இந்தப் பொய்? 1942இல் வந்த ‘நாகம்மாள்’ முடிவதும் கொலையில்தான். விதவை நிலத்தில் பங்கு கேட்கிறாள், கொழுந்தன் சாகிறான். கொன்றவன் யாரென்பதில் மர்மமில்லை. பங்கு கேட்டது குற்றமா என்பதுதான் உறுத்துகிறது. ராஜேஷ்குமாரிடம் கொலைகாரன் பிடிபட்டதும் நான் தூங்கிவிடுகிறேன். அந்தத் தூக்கத்துக்காகவே வாங்குகிறேன் என்று ஒப்புக்கொள்வதில்தான் கூச்சம். (ரசனையை எப்போது ஒழுக்கமாக்கிக்கொண்டோமோ!)

பெரியவர் விடவில்லை. கதை கேட்டார். பங்குத் தகராறு என்றேன். இறந்துபோன தம்பியின் மனைவி தன்மேல் வழக்குப் போட்டிருப்பதைச் சொல்லத் தொடங்கினார். பின்னால் வரிசை நீண்டது.

“கடைசீல என்னாச்சுங்க?”

“இன்னும் படிச்சு முடிக்கலைங்க” என்றேன்.