நாதமும் அதிர்வும்

சமயத்தையும் விஞ்ஞானத்தையும் ஓராசிரியரே கற்பிக்க நேரும் சைவபாடசாலைகளில் ஒரு வினா எழுகின்றது. ஒலியாவது அதிர்வு என்று பௌதிகநூல் கூறுகின்றது. முதற்றத்துவம் நாதம் என்று நம் சாத்திரங் கூறுகின்றது. ஆகவே விஞ்ஞானம் நம் சமயத்தை நாட்டிவிட்டது என மாணாக்கருக்குச் சொல்லலாமோ? பலர் சொல்லுகின்றனர். சொல்லலாகாது என்பதே எமது துணிபு.

வெள்ளவத்தைக் கரையில் நிற்பவர், அலையோடு நீரும் தொலைவினின்று வருவதாகவே எண்ணுவர். அப்பால் மிதக்குங் கட்டையை நோக்குக. அலை வர அஃது எழுந்து சிறிது முன்சென்று, தாழ்ந்து பின்வந்து, ஏறக்குறைய இருந்தவிடத்திலேயே இருக்கும். செல்வது நீரன்று, நீரின் அசைவேயாம். (கரையில் உடையும் அலைக்கு இது பொருந்தாது, அங்கே நீர்தானும் பாயும்.) கொட்டாஞ்சேனை வட்டாரத்துப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில் மணி ஒலிக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. மணி அதிர, அடுத்த காற்று நெருங்கியும் விரிந்தும் தன் அயற்காற்றை அசைக்க, அவ்வசைவு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் வேகத்திற் செவியை எய்தும். மணியைக் கையாற் பற்றின் அதிர்வொழியும், ஒலியும் ஒழியும்.

ஒலி பரவுதற்கு நம் தருக்கநூலார் அலைமேல் அலையெழுதலை உவமை காட்டினர். அதனை வீசீதரங்க நியாயம் என்ப. வியக்கத்தக்க உவமையே. ஆயின் ஒலிக்கு ஆதாரம் ஆகாயம் என்றும் அவரே கூறினர். றொபேட் பொயில் கண்ணாடிக் கலத்தினுள்ளே கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றை வாங்கியபோது அதன் ஒலி கேளாதொழிந்ததை 1660 இல் வெளியிட்டார். உவமையைச் சொல்லி ஆதாரத்தை மறைப்பது வாய்மையாகுமோ?

நாதமோ இவ்வொலியன்று. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் வாக்கு நான்கனுள் பிறர் செவிக்குப் புலனாவது வைகரியொன்றே. நாதம் சுத்தமாயையிற் றோன்றுவது. காற்றாகிய பூதமோ தத்துவ வரிசையில் மிகக் கீழே நிற்பது. நாதத்தைக் காற்றின் அதிர்வென்பது அதனை உயர்த்துவதன்று, இறக்குவதாம்.

அங்ஙனஞ் சொல்லின் பிள்ளைகளுக்குச் சமயப்பற்று வளருமே எனின், ஈதரின் கதையைக் கேட்க. ஒளியலைக்கு ஈதர் என்னும் ஊடகம் வேண்டுமென்று 19 ஆம் நூற்றாண்டிலே கொண்டனர். அதுவே நம் ஆகாயம் என்று பேசி மகிழ்ந்தோர் உளர். 1887 இல் மைக்கல்சனும் மோளியும் ஆராய்ந்தும் அதன் அடையாளம் அகப்படவில்லை. பின்னர் அறிஞர் அதனைக் கைவிட்டனர். ஈதரைத் தூணாக நட்டவர் கட்டிய மண்டபம் என்னாயிற்று?

விபுலாநந்த அடிகள் கொழும்பிலே விஞ்ஞானம் பயின்றவர். 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராயிருந்தவர். இழுவை மாறாத நரம்பின் நீளம் பாதியாயின் அதன் மீடிறன் இரட்டிக்கும். மூன்றிலிரண்டாயின் ஒன்றரை மடங்காகும். இத்தகைய விகிதங்களைக் கணக்கிட்டே அவர் பழந்தமிழர் யாழை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1947 இல் யாழ்நூலாக வெளிவந்தது. அளக்கத்தக்கது நரம்பு, அதனை அளந்தார்.

ஆசிரியன்மார் வகுப்பிலே ஒரு மீற்றர் நூலிற் கல்லைக் கட்டிச் சிறிதாக ஆட்டிக் காட்டுக. ஒருமுறை போய்மீள ஏறக்குறைய இரண்டு செக்கன் செல்லும். நூலினளவு மாறாதிருக்கக் கல்லை மாத்திரம் பாரமானதாக மாற்றினும் அக்காலம் மாறாது. பிள்ளைகள் தாமே எண்ணிப் பார்க்கட்டும்; சமயபாடத்திற்கு வேறு நேரம் உண்டு.