கூலிக்கு வைத்த நெருப்பு

எங்க அப்பா காட்டுக்கு நெருப்பு வைத்தவர். கொங்குநாட்டின் மேற்கு மலையடிவாரத்துச் சேரி எங்களுடையது. தை பிறந்ததும் காட்டு இலாகாவுக்குக் கூலி ஆள் எடுப்பார்கள். தீத்தடுப்புக் கோடு போடுவது வேலை. புல்லையும் புதரையும் நீளவாக்கில் அறுத்துக் காயவிட்டு, காற்று அடங்கிய நேரம் பார்த்துக் கொளுத்த வேண்டும். கோடையில் தீ பரவி வந்தால் அந்த வெற்றுக் கோட்டில் வந்து நின்றுவிடும். மழை வரும்வரை அதே ஆட்களைத் தீக்காவலுக்கும் வைத்துக்கொள்வார்கள். "நாம பத்தவெச்சா கேசு கண்ணு, அவிய பத்தவெக்கச் சொன்னா கூலி" என்பார் அப்பா.

நான் ஏழாவது படித்த வருசம் மாசி மாதத்தில் ஒரு புகை தெரிந்தது. சோளகர் பெரியவர் ஒருவர் தன் ஊர்த் தடத்தை ஒட்டிச் சருகைக் கொளுத்தியிருக்கிறார். அப்பா ஓடிப்போய் கார்டிடம் சொன்னார். பெரியவரைக் கொண்டுபோய் ரிமாண்டில் வைத்தார்கள். அப்பாவுக்கு அன்றைக்குக் கூலி கிடைத்தது. ரொம்ப நாள் கழித்து ஒரு ராத்திரி எங்களிடம் சொன்னார்: "அவரு வெச்ச நெருப்பு மொழங்காலுக்கு மேல ஏறுல. நாங்க போறதுக்குள்ள அதுவா அவிஞ்சிருச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்."

கொளுத்துவதெல்லாம் காட்டை அழிப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நல்ல காடு என்றால் வெயில் உள்ளே விழாத காடு என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். இது பாதி உண்மை. காட்டுக்குள் திறந்த இடம் வேண்டும், இளம் புல் வேண்டும், வெளிச்சம் வேண்டும். புள்ளிமானும் காட்டெருதும் தளிர்ப்புல்லைத் தேடித்தான் வரும், அவற்றைத் தேடிப் புலி வரும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் காட்டுக்குள் துண்டு துண்டாக மரங்களை வெட்டி, வேண்டுமென்றே புதர்க்காடாக வைத்திருக்கிறார்கள். அங்கே உள்ள ஒருவகை முயலும் சில பறவைகளும் அப்படிப்பட்ட இளங்காட்டில்தான் பிழைக்கும். அந்த வேலைக்கு அங்கே மேலாண்மை என்று பெயர்.

நம் பக்கத்துக்கு வருவோம். சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகப் பக்கம் பிளிகிரிரங்கன் மலை இருக்கிறது. அங்கே வாழும் சோளகர்கள் தைமாசி வாக்கில் வைக்கும் நெருப்புக்கு 'தரகு பெங்கி' என்று பேர். தரகு என்றால் காய்ந்த சருகு, பெங்கி என்றால் நெருப்பு. ஈரம் முழுசாகக் காயாத நாளில் வைப்பதால் சருகும் புல்லும் மட்டும் எரியும், மரம் தப்பிக்கும். நெல்லி மரத்தைப் பிடிக்கும் புல்லுருவியை இந்தச் சூடு அடக்கி வைக்கிறது, உண்ணிச்செடியின் கன்றுகளைப் பொசுக்குகிறது என்பது சோளகர்கள் சொல்லும் விளக்கம். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974ல் அந்த மலை சரணாலயம் ஆனது. தரகு பெங்கி குற்றமானது.

அதற்குப் பிறகு உண்ணிச்செடி மலையை மூடியது. வெள்ளைக்காரன் தோட்ட அழகுக்குக் கொண்டுவந்த செடி அது. ஆய்வாளர்கள் அந்த மலையில் 1997லும் 2008லும் அளந்து பார்த்தபோது, உண்ணி இருந்த இடங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. நெருப்பை நிறுத்தியதுதான் முழுக் காரணமா என்று விவாதம் இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் சோளகரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பதற்கு எத்தனை வருசம் ஆனது?

வெள்ளைக்காரன் காலத்தில் வங்காளத்தின் வடகோடியில் பக்சா காட்டில் நடந்ததும் இதே கதைதான். சால மரத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நெருப்பை அடியோடு தடுத்தார்கள். பசும்புதர் மண்டியது, சாலக் கன்று மட்டும் எழும்பவில்லை. பிறகு ராபா, காரோ, மேச் மக்களைக் காட்டுக் கிராமங்களில் குடியேற்றி அவர்கள் கையாலேயே வெட்டிக் கொளுத்தி மரம் நடவைத்தார்கள். 'டாங்யா' என்று பெயர் கொடுத்தார்கள். அதுவும் பர்மாவில் கரேன் மக்களின் எரித்துப் பயிரிடும் முறையிலிருந்து எடுத்த பெயர்தான். அந்த மக்கள் தாமாகச் செய்தபோது காட்டுமிராண்டித்தனம் என்றார்கள், அதையே துரை மேற்பார்வையில் செய்தபோது வனவியல் என்றார்கள். காட்டுக் கிராமத்தில் குடியிருப்பதற்கு விலையாகக் கூலியில்லா வேலையும் வாங்கிக்கொண்டார்கள்.

புராணத்திலும் அப்படித்தான். காண்டவ வனத்தை நாகர்களோடு சேர்த்துக் கொளுத்திய கதையை அக்கினிக்கு இட்ட விருந்து என்று படிக்கிறோம். அதில் யார் மேலும் கேசு இல்லை. பிணம் எரிக்கிற வெட்டியானின் நெருப்பு மட்டும் தீட்டு.

நான் கேட்க வருவது இதுதான். ஒரே செயல் செய்கிற கையைப் பொறுத்துக் குற்றமாகவும் அறிவாகவும் மாறுமானால், அங்கே எடைபோடப்படுவது செயலா, ஆளா? விளைவைத்தான் பார்க்கிறோம் என்று அதிகாரிகள் சொல்லலாம். அப்படியானால் பெரியவரின் நெருப்பை அணைந்த பிறகு போய் அளந்திருக்க வேண்டும். அளக்கவில்லை. பேரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

எல்லார் கையிலும் தீப்பெட்டி கொடுத்துவிடலாமா என்று தோழர் ஒருவர் கேட்டார். கூடாது. ஆளுயரம் மண்டிய உண்ணியில் இன்றைக்குத் தீ விழுந்தால் மேலேறி மரத்தையே பிடிக்கும். அது பழைய தரகு பெங்கி ஆகாது. முதலில் உண்ணியை வேரோடு பிடுங்க வேண்டும். அதோடு, எந்த நாளில் எந்தக் காற்றில் கொளுத்துவது என்று கையில் இருந்த அறிவு கொளுத்தாமலே போன இந்த ஐம்பது வருசத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? பழங்குடி காட்டின் குழந்தை, தப்பே செய்யாது என்று உருகுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. குழந்தையிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. அவர்கள் வேலை தெரிந்த பெரிய மனிதர்கள்.

எங்கள் பங்கையும் சொல்லியாக வேண்டும். காட்டிலிருந்து சோளகரை விலக்கி வைக்கிற வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது, நிலமில்லாத சேரிக்காரனைத்தான் எடுத்தார்கள். அப்பாவின் பசி உண்மை, அதைச் சாக்காக வைத்து அவர் செய்ததை நான் மறைக்க முடியாது. அவரும் மறைக்கவில்லை. பின்னாளில் சந்தையில் அந்தப் பெரியவரைப் பார்த்திருக்கிறார். ரெண்டு பேரும் டீ குடித்திருக்கிறார்கள். கேசைப் பற்றி ரெண்டு பேரும் வாய் திறக்கவில்லையாம்.

2006ன் வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் கிராமசபைக்கு உரிமை உண்டு என்கிறது. பிளிகிரிரங்கன் மலை 2011 ஜனவரியில் புலிகள் காப்பகமானது. அதே வருசம் அங்குள்ள சோளகர் ஊர்களுக்குச் சமூக வன உரிமையும் வந்தது. நம் பக்கம் 1882ன் மதராஸ் வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் தீ மூட்டுவதைக் குற்றம் என்றது. ஒரு சட்டம் மேலாண்மை செய் என்கிறது, இன்னொன்று தீக்குச்சியைத் தொடாதே என்கிறது. எந்தத் துண்டை எப்போது கொளுத்துவது, எதை விட்டுவைப்பது என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் சோளகர் எந்த இடத்தில் உட்காருவார்? இதுவரை அவர் பேரும் எங்கப்பா பேரும் ஏறிய தாள்கள் இரண்டுதான். ஒன்று குற்றப் பதிவு, இன்னொன்று கூலிப் பட்டியல்.