பத்தரை மணிப் பூட்டு

இரவு பத்து இருபத்தைந்து. சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் ஒரு புளோக்கின் கீழே இருக்கும் கடை. பீர் அடுக்கிய குளிர்பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் அவசரக் கணக்குப் போடுகிறார். மூன்று போதுமா, நாலா? இன்னும் ஐந்து நிமிடத்தில் கடைப் பணியாளர் சங்கிலியோடு வந்து கதவைப் பூட்டிவிடுவார். பாதுகாப்புக்கு நாலாகவே எடுத்துக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, மின்தூக்கியில் ஏறி வீட்டுக்குப் போகிறார். சட்டம் மீறப்படவில்லை. சத்தம் இல்லை. தெரு சுத்தமாக இருக்கிறது.

அந்தச் சங்கிலி வந்த கதை நமக்குத் தெரியும். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். அதையடுத்து மூண்ட கலவரத்தில் வாகனங்கள் எரிந்தன. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, கலவரம் வளர்ந்ததில் மதுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்றது. 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை தீவு முழுவதும் கடையில் வாங்கிப் போகவும் முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும் வார இறுதியில் கூடுதல் கட்டுப்பாடு.

தெரு அமைதியானது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தச் சட்டத்தோடு ஒரு மனப்பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. குடிப் பிரச்சினை என்றால் அது லிட்டில் இந்தியாவின் தேக்காவில், புல்வெளியில், ஞாயிற்றுக்கிழமையில் இருப்பது என்று நாம் நினைக்கத் தொடங்கினோம். கூடம் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் புல்வெளிதான் கூடம். அவன் குடிப்பது ஊர் கண்ணில் படும். நமக்கு வீவக வீடு இருக்கிறது, கதவு இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. சிங்கப்பூர் மனநல ஆய்வு 2010-இல் ஒருமுறையும் 2016-இல் ஒருமுறையும் நடந்தது. வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது மதுவைத் தீங்காகப் பயன்படுத்தியவர்கள் முதல் ஆய்வில் 3.1 விழுக்காடு, இரண்டாவதில் 4.1. நடுவில்தான் சங்கிலி வந்தது. சங்கிலியைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அது பூட்ட வந்தது வேறொன்றை.

மதுவைப் பார்த்து யார் முகம் சுளிப்பது என்பதிலும் நம் வரலாற்றில் வேடிக்கை உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களில் கூலி கொடுத்த கையே கள்ளுக்கடைக்கும் இடம் கொடுத்தது. 1947-இல் கெடாவின் பெடோங் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படை கள்ளை எதிர்த்துக் கிளம்பியபோது, குறுக்கே வந்து நின்றது காலனிப் போலீஸ். இங்கே சிங்கப்பூரில் சீர்திருத்தவாதி கோ. சாரங்கபாணியும் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தாரும் குடியை விடச் சொல்லி மேடைமேடையாகப் பேசினார்கள். அன்றைக்குக் குடி ஒரு சமூகத்தின் வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அது ஒரு வீட்டின் ரகசியம். “அவருக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை” என்று திங்கட்கிழமை காலையில் வேலையிடத்துக்குப் போன் செய்யும் மனைவிமார்தான் அந்த ரகசியத்தின் காவலர்கள்.

கல்லீரலும் அப்படி ஒரு காவலர்தான். வலி என்று ஒரு வார்த்தை சொல்லாது. கொழுப்பு சேரும்போது சொல்லாது; வீங்கும்போதும் பெரும்பாலும் சொல்லாது. அது வாய் திறக்கும்போது கண் மஞ்சளாகியிருக்கும், வயிற்றில் நீர் கோத்திருக்கும். கொழுப்புக் கட்டத்தில் குடியை நிறுத்தினால் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தழும்பேறிச் சுருங்கிய பிறகு திரும்பி வருவது அரிது. புற்றுநோய்க் கணக்கு தனி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவைப் புகையிலை இருக்கும் அதே முதல் வரிசையில் வைத்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என ஏழு இடங்கள். 2019-இல் மட்டும் உலகில் 26 லட்சம் மரணங்களுக்கு மது காரணம் என்கிறது அந்த நிறுவனம். “ஒரு பெக் இதயத்துக்கு நல்லது” என்று சொல்லிவந்த மாமாக்களுக்கு 2023-இல் அது சொன்ன பதில், பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது.

குறைக்க நினைப்பவர் முதலில் அளக்க வேண்டும். இங்கே ஒரு அளவு மது என்பது சுமார் 10 கிராம் சாராயச் சத்து. பீரில் 220 மில்லி, அதாவது ஒரு டப்பாவில் மூன்றில் இரண்டு பங்கு. ஆணுக்கு நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், பெண்ணுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பது இங்குள்ள அறிவுரை. காப்பிக்கடையில் “ஒரே ஒரு பாட்டில்தான்” என்று சொல்லப்படும் 633 மில்லி பெரிய பாட்டில், ஏறத்தாழ மூன்று அளவு. ஒரே ஒரு என்ற சொல் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை, சமாதானத்தைக் குறிக்கிறது.

மீதியெல்லாம் சின்ன வேலைகள். வாரத்தில் குடிக்காத நாட்களை முன்கூட்டியே குறித்துவைப்பது. வெறும் வயிற்றில் தொடங்காதது. ஒரு கிளாஸுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர். ஆளுக்கொரு சுற்று வாங்கும் மேசையில், தன் வேகத்தை அடுத்தவர் கையில் கொடுக்காதது. வீட்டில் இருப்பு வைக்காதது. ஒன்று மட்டும் சின்ன வேலை இல்லை. நாள் தவறாமல் நிறையக் குடித்துவந்தவர் வைராக்கியத்தோடு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். ஏக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

ஆங் மோ கியோவுக்குப் பக்கத்திலேயே, புவாங்கோக்கில், மனநலக் கழகம் இருக்கிறது; இத்தகைய பழக்கங்களுக்கென்றே அங்கே தேசியச் சேவைப் பிரிவு ஒன்று உண்டு. பேருந்தில் கொஞ்ச நேரம்தான். நம்மவர்களுக்கு அந்தத் தூரத்தைக் கடக்கப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த மனநல மருத்துவமனை 1993-இல் இடம் மாறிவிட்டது. ‘உட்பிரிட்ஜ்’ என்ற பழைய பெயரின் மேல் இருந்த பயம் மட்டும் இடம் மாறவில்லை.

அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் 1984-இல் நான்கு கேள்விகளை வெளியிட்டார். குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் நிதானத்துக்கு ஒரு வாய் தேவைப்படுகிறதா? இரண்டுக்கு ஆம் என்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குச் சங்கிலி கழற்றப்படும். பள்ளிப் பிள்ளைகள் ரொட்டி வாங்கும் அந்த நேரத்தில், குளிர்பெட்டியின் பக்கம் ஒருவர் காத்து நின்றால், நாலாவது கேள்வியை யாரும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை. அவரும் சட்டத்தை மீறவில்லை.