யாரும் உட்காராத நாற்காலி

ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் ஓர் ஈஸிசேர் கிடந்தது. தாத்தாவுடையது. அதன் துணியை அவ்வப்போது கழற்றித் துவைத்து, காய்ந்ததும் கம்பில் கோத்து மாட்டுவது ஆச்சியின் வேலை. மாட்டியபின் கையால் அழுத்திப் பார்ப்பாள், உட்கார்ந்து பார்த்ததில்லை. தாத்தா போனபிறகும் பத்து வருடம் இருந்தாள். அப்போதும் தூணில் சாய்ந்து தரையில்தான்.

எனக்கு விளையாடக் கிடைத்தது பக்கத்து அம்பாசமுத்திரத்துச் சொப்பு. கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குச் சாயம் ஏற்றிச் செய்வது. அடுப்பு, குடம், அம்மி, உரல், உலக்கை என்று ஓர் அடுக்களையே பெட்டிக்குள் இருக்கும். தாத்தாவின் நாற்காலிக்கு மட்டும் சொப்பு இல்லை. என் கைக்கு எது வர வேண்டும் என்பதை யாரோ முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

போன வருடம் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து ஒரு சொப்பு நாற்காலி கொண்டுவந்தாள். 1928இல் பாரிஸில் வடிவமைத்த நீள் சாய்வு நாற்காலியின் குட்டி நகல். புத்தக அலமாரியில் அழகுக்கு வைப்பது. ஜெர்மனியின் வித்ரா டிசைன் மியூசியம் புகழ்பெற்ற நவீன நாற்காலிகளை அசலில் ஆறில் ஒரு பங்கு அளவில் செய்து விற்கிறது. எனக்கு வந்தது அதுவல்ல, எங்கோ செய்த மலிவுச் சரக்கு. பெட்டியில் ஒரே பெயர்: லெ கொர்புசியே.

உண்மையில் அது மூவரின் படைப்பு. மற்ற இருவர் பியேர் ழானரே, ஷார்லோத் பெரியாந். 1927இல் வேலை கேட்டுப் போன பெரியாந்திடம், இங்கே நாங்கள் மெத்தைக்குப் பூத்தையல் போடுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாராம் லெ கொர்புசியே. அதே ஆண்டு ஒரு கண்காட்சியில் பெரியாந்தின் வேலையைப் பார்த்தபிறகு சேர்த்துக்கொண்டார். அந்த நாற்காலியின் பிரபலமான புகைப்படத்தில் படுத்திருப்பவர் பெரியாந்தான். முகம் கேமராவுக்கு மறுபுறம் திரும்பியிருக்கிறது.

பெட்டியில் விட்டுப்போன இரண்டு பெயர்களையும் பேனாவால் எழுதினேன். அதில் ஒரு திருப்தி இருந்தது, மலிவான திருப்தி என்றும் தெரிந்தது. உட்காரும் பொருளை உட்கார முடியாத அளவுக்குச் சுருக்கி அலமாரியில் ஏற்றுவது மரியாதையா? சொப்பு அடுப்பிலும் சோறு வேகாதுதான். ஆனால் அது என் கையை வேலைக்குப் பழக்கியது. இந்த நாற்காலி என்னைத் தள்ளி நின்று ரசிக்கப் பழக்குகிறது. அது எனக்கு ஏற்கெனவே நன்றாக வரும், ஆச்சியிடம் படித்தது. தரையில் உட்காருவதில் இழிவொன்றும் இல்லை. முழங்கால் தேய்ந்தபின்னும் நாற்காலி தனக்கும் உரியது என்று தோன்றாமல் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல யாருட்டி உக்காருவா?"

சிரித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்காரச் சொன்னேன்.

"இதான் வசதி" என்றாள், முழங்காலைத் தடவிக்கொண்டே.