வாயில்லா முதுமையும் சாவகர் கடமையும்



எல்லா உயிர்க்கும் அபயம் அருளிய அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறோம்.

அகிம்சை அறத்தைப் பற்றி நாம் பலகாலும் பேசுகிறோம், கேட்கிறோம். கோவில்களில் உயிர்ப்பலி கூடாதென ஊர் ஊராகச் சென்று பேசிய ஜீவபந்து ஸ்ரீபால் அவர்களை நம்மவர் என்று சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். அப்பெருமை நமக்கு உரியதே. எனினும், அவ்வறம் நம் வீட்டு வாசற்படியைக் கடந்து உள்ளே வந்திருக்கிறதா என்பதை அறிய ஓர் எளிய உரைகல் உண்டு. நம் திண்ணையில் மூப்படைந்து கிடக்கும் நாயை நாம் எவ்வாறு நடத்துகிறோம் என்பதே அது.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் போன்ற ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதன்று. பிள்ளைகள் பள்ளி சென்ற காலத்தில் ஆசையோடு கொண்டுவந்த குட்டி அது. இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணியில் இருக்கின்றனர். வீட்டில் எஞ்சியிருப்போர் முதியோர் இருவரும் முதிய நாயுமே. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு என்பது மனிதருக்கு இளமை. நாய்க்கோ அது வாழ்நாளின் அந்தி. கண்ணில் புரை படர்கிறது. செவி மந்தமாகிறது. பின்னங்கால் தளர்ந்து, படி ஏற மாட்டாமல் நிற்கிறது. பால்காரரின் மணியோசை கேட்டு வாயில்வரை ஓடிய நாய், இன்று அவர் வந்து போனதையும் அறியாமல் உறங்குகிறது. இரவில் காரணமின்றிக் குரைக்கிறது. பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் மூலையில் நின்று விழிக்கிறது. அடக்க இயலாமல் தாழ்வாரத்தை ஈரமாக்குகிறது.

அப்போதுதான் வீட்டில் ஒரு சொல் பிறக்கிறது: "இனி இதனால் என்ன பயன்?"

அன்பர்களே, இச்சொல்லே இம்சையின் வித்து. அது முளைத்தபின் மூன்று எண்ணங்கள் கிளைக்கின்றன. சாக்கில் கட்டி வேற்றூர்ச் சந்தைப் பக்கம் விட்டுவருதல் ஒன்று. கொல்லைப்புறத்தில் சங்கிலியிட்டு மறந்துவிடுதல் மற்றொன்று. ஊசி போட்டு முடித்துவிடுதல் மூன்றாவது. இவ்வாறு எண்ணுவோர் எல்லாரும் கொடியவர் அல்லர். நாள்தோறும் ஜினாலயம் செல்வோர், இரவுணவு துறந்தோர் இல்லங்களிலும் இவ்வெண்ணம் எழுகிறது. ஆதலின் இதனைத் தெளிவுறப் பேசுதல் வேண்டும்.

முதற்கண் அவ்வுயிர் எத்தகையது என்பதை நினைவுகூர்வோம். நாய் ஐம்பொறி உயிர், மனமும் உடையது. நாற்கதிகளுள் விலங்குகதியில் நிற்பது. மனமுடைய ஐம்பொறி விலங்கு நற்காட்சி பெறவும், சாவகருக்குரிய ஐந்தாம் குணஸ்தானத்தை எய்தவும் கூடும் என்பது நம் ஆகமங்களின் துணிபு. தேவர்களுக்கும் கிட்டாத நிலை அது. அறம் நாயைத் தேவனாக்கும், மறம் தேவனை நாயாக்கும் என்னும் கருத்தைச் சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விளக்கியுள்ளார். வஞ்சனை விலங்கு ஆயுளைக் கட்டுவிக்கும் என்பது உமாஸ்வாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் உணர்த்தும் உண்மை. பன்னிரண்டு ஆண்டுக் காவலையும் நட்பையும் பெற்றுக்கொண்டு, மூப்பு வந்ததும் சாக்கில் கட்டி எங்கோ விடுவது வஞ்சனையின்றி வேறென்ன? நம்மை நம்பி அந்தச் சாக்கினுள்ளும் அது வாலாட்டுகிறதே! அவ்வுயிர் எக்கதியில் உழல்கிறதோ, அக்கதிக்கே நாம் வழி தேடிக்கொள்கிறோம்.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளதை நாம் பாடமாகக் கேட்டிருக்கிறோம். கட்டுதல், அடித்தல், உறுப்புச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. வண்டிமாடும் கழனியும் இருந்த நாளில் இவற்றின் பொருள் எளிதில் விளங்கிற்று. இன்று மாடுகள் குறைந்துவிட்ட நம் வீடுகளில் இவ்வைந்தும் நாயிடத்தே வந்து நிற்கின்றன.

தெருவில் வண்டிகள் மிகுந்த ஊரில், கண் தெரியாத நாயைக் காப்பதற்காகச் சிறிது நேரம் கட்டிவைப்பது கருணை. வெயில் திரும்பியும் அவிழ்த்து நிழலில் விடாமல் நாள் முழுதும் குறுஞ்சங்கிலியில் வைப்பது அதிசாரம். தரையை ஈரமாக்கிற்று என்று விளக்குமாற்றால் அடிப்பது இரண்டாவது. அது குறும்பால் செய்ததன்று, உடல் தளர்ச்சியால் நேர்ந்தது. அழகுக்காகக் குட்டியின் காதையும் வாலையும் அறுக்கும் வழக்கம் மூன்றாவது. நடக்கவே இயலாத நாயை மாடிக் காவலுக்கு ஏற்றிவிடுவது நான்காவது.

ஐந்தாவதில்தான் நாம் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். "தண்ணீர் குடித்தால்தானே வீட்டை நனைக்கும்" என்று சொல்லி மாலையிலேயே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவோர் உண்டு. முதிய நாய் மிகுதியாக நீர் அருந்துமாயின் அது சிறுநீரக நோய்க்கோ நீரிழிவுக்கோ அறிகுறியாக இருக்கலாம். அதன் தாகத்தைக் கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமேயன்றிக் கிண்ணத்தை ஒளித்தல் ஆகாது. தாகித்த உயிருக்கு நீரை மறுத்துவிட்டு நாம் நனையாத தரையில் அமர்ந்து ஜபமாலை உருட்டுவதால் விளைவது என்ன?

நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், நெடுநேரம் குறுஞ்சங்கிலியில் கட்டிவைத்தலையும், வளர்ப்போர் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தாராமையையும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுதலையும் குற்றமென்றே கூறுகிறது. அச்சட்டம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஆசாரியர்கள் வகுத்த நெறி இது. சட்டத்திற்கு அஞ்சி நடப்போர் நடக்கட்டும். சாவகர் தம் விரதத்திற்கு அஞ்சி நடத்தல் வேண்டும்.

"எல்லாம் சரி, நாற்றம் பொறுக்க முடியவில்லையே" என்று தாய்மார்கள் கூறுவது நம் செவியில் விழுகிறது. நாள்தோறும் துடைத்துக் கழுவுவோர் அவர்களே. அவர்தம் களைப்பு மெய்யானது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் மூன்றாவதாகிய நிர்விசிகித்சையை, அதாவது அருவருப்பின்மையை, இங்கே எண்ணிப் பார்ப்போம். அதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவன் உத்தாயண மன்னன். நோயுற்ற முனிவர் வடிவில் தேவன் ஒருவன் வந்து, உண்ட உணவை உமிழ்ந்தபோதும், மன்னனும் தேவியும் முகம் சுளிக்காமல் தூய்மை செய்து பணிவிடை புரிந்தனர். முனிவரும் நாயும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஆனால் உடலின் இயல்பு எங்கும் ஒன்றே என்னும் தெளிவே அம்மன்னனின் பொறுமைக்கு வேர். பூசைக்கு முன் நீராடி உடை மாற்றுக. இல்லத்தைத் தூய்மையாக வைத்திருக்க. தூய்மை பேணுதல் வேறு. உயிரை வெறுத்தல் வேறு. அன்றியும், இச்சுமையைத் தாய்மார் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு ஆடவர் அறம் பேசுதல் முறையன்று. வீட்டிலுள்ளார் அனைவரும் பங்கிட்டுக்கொள்க.

சிறு சிறு செயல்களால் பெருந்துன்பம் தணியும். வழுக்கும் தரையில் கோணியை விரித்துவையுங்கள். தளர்ந்த கால் பிடிப்புப் பெறும். இரவில் சிறு விளக்கொன்று எரியட்டும். பார்வையும் நினைவும் மங்கிய உயிருக்கு அது துணை. கட்டில், நாற்காலிகளை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். நாம் கதிரவன் மறையுமுன் உண்பதுபோல அதற்கும் அப்போதே இட்டுவிடலாம். ஆனால் நீர் எந்நேரமும் இருக்கட்டும். குழைந்த சோறும் பருப்பும், மருத்துவர் கூறும் பிறவும் தருக. மிஞ்சிய குழம்பை ஊற்றும் பழக்கத்தை விடுக. வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுக்கும்; திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நமக்குத் தரும் வலி மாத்திரையை நாமே அதற்குத் தருவது உயிருக்கே தீங்காகலாம். வெறிநோய்த் தடுப்பூசியை முதுமையிலும் மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாது இடுவித்தல் நம் வீட்டுக்கும் தெருவுக்கும் செய்யும் கடமை. நாள்தோறும் மெல்லச் சீவி, படுக்கையை வெயிலில் உலர்த்திவந்தால் உண்ணி பெருகாது. பெருகியபின் கொல்ல நேர்வதைவிட வருமுன் தடுப்பதே சாவகர் வழி.

இனி, மிகக் கடினமான வினாவிற்கு வருகிறோம். நாய் எழவே இயலாமல் முனகுகிறது. மருத்துவர் ஒருவர், "ஊசி போட்டுவிடலாம், அதற்கும் நிம்மதி" என்கிறார். அவர் இரக்கத்தினாலேயே அவ்வாறு கூறக்கூடும். ஆயினும் நம் அறம் கூறுவது வேறு. வலியைப் போக்குதல் மருத்துவம். உயிரைப் போக்குதல் மருத்துவமாகாது. வலி தணிக்கும் மருந்து தருமாறு அம்மருத்துவரையே வேண்டுங்கள். ஆயுள்கர்மம் எஞ்சியுள்ள உயிரின் வாழ்நாளை நாம் வகுத்துக் கொடுப்பதில்லை. தன் துன்பத்திற்கு முடிவு வேண்டும் என அது நம்மிடம் கூறவுமில்லை. பலவேளைகளில் முடிவை வேண்டி நிற்பது நம் கண்களே.

சிலர் இதற்குச் சல்லேகனையைச் சான்று காட்டுகின்றனர். அது பெரும்பிழை. சல்லேகனை என்பது, தன் முடிவு நெருங்கியதை உணர்ந்த உயிர், தன் அறிவோடும் விருப்போடும், குருவின் துணையோடு, கஷாயங்களை ஒடுக்கி ஏற்கும் விரதம். ஒருவருக்காக மற்றொருவர் அதனை ஏற்க இயலாது. நாம் உணவை நிறுத்தினால் அது சல்லேகனையன்று. மேலே சொன்ன ஐந்தாம் அதிசாரமே. அவ்வாறே, இறுதி நாட்களில் அது தானே முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாயின், வாயைப் பிளந்து திணித்தலும் வேண்டா. கேட்டால் தருக, மறுத்தால் அருகில் வைத்து அமைதியாயிருக்க.

அவ்வேளையில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதனை நமக்குக் கற்பித்தவன் சீவகன். திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில் அவ்வரலாறு வருகிறது. சோற்றைத் தீண்டிற்று என்று சினந்தோர் அடித்த அடியால் ஒரு நாய் உயிருக்குப் போராடியது. அரச குமரன் அதனைக் கண்டான். பிழைக்காது என்பதையும் உணர்ந்தான். வீண் முயற்சி என்று விலகிச் செல்லவில்லை. விரைவில் முடியட்டும் என்று கருதவுமில்லை. அருகமர்ந்து அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். கலக்கம் நீங்கிக் கேட்ட அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்தது. பின்னாளில் கட்டியங்காரன் சீவகனைக் கொல்லப் பணித்தபோது, அச்சுதஞ்சணனே வந்து அவனைக் காத்தான்.

இவ்வரலாற்றைக் கைம்மாறு நோக்கிச் செய்க என்பதற்கன்று நாம் கூறுவது. சீவகன் ஓதியபோது பயனை எண்ணவில்லை. எவராலும் பயனற்றது என்று அடித்து எறியப்பட்ட உயிருக்குள்ளும், அறத்தைக் கேட்க வல்ல ஆன்மா விழித்திருப்பதை அவன் கண்டான். "என்ன பயன்" என்னும் வினாவுக்கு நம் காப்பியம் தரும் விடை இதுவே.

உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களையும் நாம் அறிவோம். முதல் மூன்றையும் நம் வீட்டு முதிய நாய்க்கு நாள்தோறும் வழங்கலாம். நான்காவதும் அதற்கு உரியதே என்பதைச் சீவகன் காட்டினான். இறுதி நேரத்தில் வீட்டார் சூழ அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை மெல்ல ஓதுங்கள். அழுது அரற்றி அதன் மனத்தைக் கலக்காதீர்கள். நாற்கால் உயிர்களும் புறப் பரிக்கிரகங்களுள் எண்ணப்பட்டுள்ளன. ஆதலின், "என்னுடையது போயிற்று" என்று பலநாள் உருகுவது ஆர்த்த தியானமாகும். கருணை கையில் இருக்கட்டும். மோகம் நெஞ்சில் வேர்விடாதிருக்கட்டும்.

விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகள் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். தளர்ந்த உயிரை இவ்வீடு என்ன செய்கிறது என்பதை அவர்கள் எந்நூலினும் தெளிவாக இத்திண்ணையிலேயே கற்கின்றனர். நாளை அவ்விடத்தில் முதுமையோடு அமரப் போவோர் நாமும்தானே!

ஆகவே, சாவக சாவகியரே, இன்று மாலை கதிரவன் மறையுமுன் அத்தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பி, அவ்வுயிருக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அணுவிரதம் அங்கிருந்தே தொடங்கட்டும்.

வளர்க திருவறம்! வாழ்க உயிர்க்குலம்!