மணலில் சாய்ந்த தலைகள்

கற்பது வேரா, கற்றபடி நடப்பது வேரா? ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கைப் பிக்குகள் கூடியிருந்து இந்தக் கேள்வியை விவாதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் தருமத்தை ஓதி உரைப்பவர்கள். மறு பக்கம் குப்பையில் கிடந்த துணியைத் தைத்து உடுத்திக்கொண்டு தவம் இருந்தவர்கள். ஒழுக்கம்தான் புத்த சாசனத்தின் வேர் என்றார்கள் கந்தல் உடுத்தவர்கள். கல்விதான் வேர் என்றார்கள் ஓதுவோர். புதையல் இருக்கும் இடத்தைக் கல்லில் பொறித்து வைத்தால், எழுத்து இருக்கும்வரை புதையலும் தொலையாது என்பது ஓதுவோர் சொன்ன காரணங்களில் ஒன்று. கந்தல் உடுத்தவர்களிடம் மறுமொழி இருக்கவில்லை. கல்வியே வேர் என்று முடிவானது. அங்குத்தர நிகாயத்தின் உரை இதைச் சொல்கிறது.

இந்த முடிவை நான் மனத்தில் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். என் வீடு மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில். அப்பா ஏ9 வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் வேலை செய்கிறார். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புக் கற்கை, மூன்றாம் வருடம். கதை எழுதுகிறேன், நாடகம் எழுதுகிறேன், மேடையேறுகிறேன். கற்பதற்கும் செய்வதற்கும் நடுவில்தான் என் கிழமை ஓடுகிறது.

திங்கள் விடியுமுன் மாத்தளையில் கண்டி பஸ் ஏறுவேன். கலஹா சந்திக்கு அப்பால் ஒரு வீட்டின் மேல்மாடியில் போடிங். ஓர் அறைக்குள் நான்கு பெண்கள், ஒரு ரைஸ் குக்கர், சுவரெல்லாம் ஈரம். பகலில் லெக்சர், நூலகம். மாலையில் ஒத்திகை. இரவில் நோட்ஸ் பார்த்து எழுதுவது, அதன்பின் கண் திறந்திருக்கும்வரை என் சொந்த எழுத்து. வெள்ளி மாலை கம்பஸுக்குள் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோயிலில் பூசை. தேவாரம் பாட என் முறை வந்தால் மற்ற எல்லா வேலையும் பின்னுக்குப் போய்விடும். சனிக்கிழமை ஊரில் இருப்பேன். சனிக்கிழமைதான் இந்தக் கட்டுரையின் காரணம். ஆனால் அதற்கு முன் பஞ்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் ஆட்சியை இழந்து மறைந்திருந்த காலத்தில், நாட்டில் போரும் கொடும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. மாதோட்டத்தில் வந்திறங்கிய தமிழ்த் தலைவர்கள் அனுராதபுரத்தைப் பிடித்ததை மகாவம்சம் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்த வரி வரும் பக்கத்தில் நான் எப்போதும் தலை குனிந்து கொள்வேன். அதே பாளி மரபுக்குப் பேருரை தந்த புத்தகோசர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஆய்வாளர் பலர் கருதுவதும், புத்ததத்தர் உறையூர்க்காரர் என்பதும் அந்தப் பக்கத்தில் இல்லை. இன்று அலுவிகாரைக் குகைக் கோயிலில் புத்தகோசருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலைக்கு முன்னால் நான் தலை நிமிர்ந்துதான் நிற்கிறேன்.

பஞ்சத்தில் பிக்குகள் பலர் கடலுக்கு அக்கரை போனார்கள். அறுபது பேர் மட்டும் போகாமல் மலைநாட்டுக்குள் ஒதுங்கினார்கள் என்கிறது அதே அங்குத்தர உரை. வேரும் இலையும் தின்றார்கள். அன்று புனித நூல் என்று ஒன்று கையில் இல்லை. நீண்ட சூத்திரங்களை ஒரு குழு, நடுத்தரமானவற்றை இன்னொரு குழு என்று ஆளாளுக்குப் பிரித்து மனத்தில் வைத்திருந்தார்கள். ஓர் ஆள் செத்தால் ஒரு பகுதி சாகும். அதனால் ஓதிக்கொண்டே இருந்தார்கள். உட்காரவும் தெம்பு இல்லாமல் போனபோது மணலைக் குவித்து, அதில் எல்லோரும் தலையை ஒருங்கே சாய்த்துப் படுத்தபடி ஓதினார்கள். பஞ்சம் தீர்ந்து அக்கரை போனவர்கள் திரும்பி வந்ததும் இரு தரப்பும் ஓதி ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் எழுதி வைப்பது என்று தீர்மானித்தார்கள். எழுதிய இடம் அலுவிகாரை என்பது மரபு. ஐந்நூறு பிக்குகள் கூடினார்கள் என்றும், அரசனைவிட உள்ளூர்த் தலைவர் ஒருவரே அதற்குத் துணை நின்றார் என்றும் அந்த மரபு சொல்கிறது. தாளிப்பனையின் இளங்குருத்தை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் குழைத்துப் பூசித் துடைத்தால் கீறல் மட்டும் கறுத்து நிற்கும். விகாரையில் இன்றும் இதைச் செய்து காட்டுகிறார்கள். என் சிறு வயதில் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஏடு மட்டும் போதுமா என்றால், அலுவிகாரையே அதற்குப் பதில் சொல்லும். 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியைப் பிரிட்டிஷ் படை ஒடுக்கியபோது விகாரையின் ஏட்டு நூலகம் அழிந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் சைவத்திலும் இப்படி ஒரு கதை உண்டு. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கறையான் தின்றது போக மிஞ்சியதை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்கு எருக்கத்தம்புலியூருக்குப் போக வேண்டியிருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணின் தொண்டையில் பண் இருந்தது. அவள் பாடிக் காட்டினாள். வெள்ளிக்கிழமை நான் பாடும் தேவாரத்துக்கு முன்னால் பெயர் தெரியாத அந்தப் பெண் நிற்கிறாள் என்றே நினைத்துப் பாடுகிறேன்.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், பழைய லயக் காம்பரா ஒன்றில், காமன் கூத்து வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ரதி மன்மதன் கலியாணம் முதல் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவதும், ரதியின் புலம்பலும், அவன் எழுந்து வருவதும் வரை முழுக் கூத்தும் அவருக்குப் பாடம். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தப்பு அடித்து இரவிரவாக ஆடுகிற கூத்து. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் மேடையேற்றி, மட்டக்களப்புக் கூத்துக்குப் பல்கலைக்கழக வாசலைத் திறந்துவிட்டார். எங்கள் மலையகத்துக் கூத்துக்கு அப்படி ஒரு வாசல் இன்னும் அகலமாகத் திறக்கவில்லை. அதனால் நான் அவரிடம் போகிறேன்.

முதலில் கொப்பியும் பேனையும் கொண்டுபோனேன். "கொப்பிய மூடு புள்ள. எழுதிட்டா, தெரிஞ்சுபோச்சுன்னு மனசு நெனச்சுக்கும். மொதல்ல வாயில நிக்கட்டும்" என்றார். போனில் பதிவதை அவர் தடுக்கவில்லை. ஆனால் நான் பிழையாகப் பாடும்போது பதிவைப் போட்டுக் கேட்க விடமாட்டார். அவரே திரும்பப் பாடுவார். நான் பாட வேண்டும். ரதியின் புலம்பலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எங்கே மூச்சு வாங்குவது என்பது எந்தக் கொப்பியிலும் ஏறாது.

அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. "குடிக்கிற மனுசன்கிட்டப் போயி என்னத்தப் படிக்கிற?" என்று கேட்கிறார். வாத்தியார் குடிப்பது உண்மை. இது சின்னக் கேள்வியும் இல்லை. அந்தப் பஞ்ச காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. மகாநித்தேசம் என்ற நூலை மனத்தில் வைத்திருந்தவர் ஒரே ஒரு பிக்கு. அவர் ஒழுக்கம் கெட்டவர். மகாரக்கித தேரருக்கு அவரிடம் போய்ப் பாடம் கேட்க மனமில்லை. ஆனால் மூத்த தேரர் ஒருவர் விடவில்லை, போய்க் கற்கச் சொன்னார். மகாரக்கிதர் கற்றார். அதன்பின் அந்த நூல் ஒருவரோடு முடியாமல் பலரிடம் போனது. விநய உரையில் இருக்கும் இந்த நிகழ்ச்சியை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சமாதானமாகவில்லை. ஆனால் இப்போது வாத்தியாருக்குச் சாப்பாடு கட்டித் தருகிறார்.

நண்பர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள், அதுவும் நியாயமானதுதான். பிறர் பாட்டையே பாடமாக்கிக்கொண்டிருந்தால் உன் எழுத்து எப்போது வரும்? எங்கள் வயதில் எல்லோரும் சொந்தக் குரலைத் தேடுகிறோம். 'இளங்கதிர்' இதழுக்குக் கதை கேட்டால் யாரும் எழுதாத ஒன்றை எழுதத்தான் ஆசை. நான் புத்தகோசரை நினைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் அவர் அனுராதபுரத்து மகாவிகாரைக்கு வந்து, சிங்கள உரைகளைப் பாளியில் ஆக்க அனுமதி கேட்டார். தேரர்கள் ஏடுகளைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. இரண்டு பாட்டைக் கொடுத்து, இதற்கு உன் திறமையைக் காட்டு என்றார்கள். அவர் விசுத்திமக்கத்தை இயற்றினார். தேரவாத உலகம் முழுவதும் இன்றும் படிக்கிற பெருநூல் அது. அவர் புதிதாக ஒரு மதம் சொல்லவில்லை, கற்றதைத்தான் ஒழுங்குபடுத்தினார். ஆனாலும் அந்தப் பக்கங்களை அவரைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

என் சின்ன அனுபவமும் இதுதான். ரதியின் புலம்பல் நாவில் ஊறிய பிறகு எழுதிய நாடகத்தில், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மகளை இழந்த ஒரு தாய் பேசுகிறாள். அந்தப் பேச்சின் மூச்சு வாத்தியார் தந்தது. சொல்லெல்லாம் என்னுடையது. நான் அதுவரை எழுதியதில் அதுதான் உண்மையானது.

அப்படியானால் பரீட்சைக்கு முதல்நாள் இரவு நான் நோட்ஸைப் பாடமாக்குவதும் கற்றல்தானே? வித்தியாசம் இருக்கிறது, அதைக் கண்டுகொள்ள எனக்கு நாளாயிற்று. பரீட்சைப் பாடம் எனக்காக. மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அதை இறக்கி வைத்துவிடுகிறேன், யாருக்கும் நட்டமில்லை. மணலில் தலை சாய்த்துக் கிடந்தவர்கள் தங்களுக்காக ஓதவில்லை. தாங்கள் பார்க்கப் போகாத யாரோ ஒருவரின் காதுக்காக வைத்திருந்தார்கள். பசியில் வாயைத் திறப்பதே பெரும்பாடாக இருந்த நேரத்தில், பிறருக்காக ஒரு சொல்லை விடாமல் பிடித்திருப்பதைவிட மேலான ஒழுக்கம் எது? ஓதுவோர் வென்றது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கல்வி ஒரு கட்சி, ஒழுக்கம் ஒரு கட்சி என்று எதிரெதிரே உட்கார்ந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மலைநாட்டுக்குள் ஒதுங்கிய அந்த அறுபது பேரிடம் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும் என்ற கடனோடு கற்றால், கற்பதே நோன்பு. அந்தக் கடன் இல்லாமல் கற்றது எத்தனை ஏட்டில் இருந்தாலும் வேர் ஆகாது.

வாத்தியாரிடம் கற்றுக்கொள்ள அவருடைய பேரப்பிள்ளைகள் வருவதில்லை. ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான், இன்னொருவன் வெளிநாடு போக முயல்கிறான். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. நாள் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் கூத்தைக் காப்பாற்று என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் பல்கலைக்கழகம் வந்துவிட்ட எங்களிடம் சொல்லலாம். எங்களுக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் படிக்கும் மலையகத்துத் தம்பி தங்கைகளே, அடுத்த விடுமுறையில் உங்கள் தோட்டத்தில் பாட்டுத் தெரிந்த ஒருவரைத் தேடிப் போங்கள். காமன் கூத்தோ, தாலாட்டோ, ஒப்பாரியோ, எதுவாக இருந்தாலும் சரி. பதிவு செய்யுங்கள், எழுதியும் வையுங்கள், அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பாட்டையாவது முழுதாக வாயில் நிற்கும்வரை அவர் முன்னால் உட்கார்ந்து பாடுங்கள். அதன்பின் அதை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. மாசி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.