உதவிக்குக் கணக்கு உண்டா?

ஸ்வயம் தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு பகுதிகள் உண்டு: காணொளி, வாசிப்புக் குறிப்பு, தன்மதிப்பீடு, விவாத அரங்கம். முதல் மூன்றும் அங்கேயே நடக்கின்றன. நான்காவது பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் நடக்கிறது. 2021இல் யூஜிசி வகுத்த விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம். ஆகவே இது இனி ஓரத்து விஷயம் இல்லை.

வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி, ஒரகடத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவருக்குச் சந்தேகம் காலையில ஏழு மணிக்குத்தான் வரும். அப்போ பதில் சொல்ல குரூப்ல யாராவது முழிச்சிருப்பாங்க. கல்லூரித் தளத்தில் இருக்கமாட்டார்கள்.

அப்படியானால் இரண்டையும் இணைத்துவிடலாமே? நிரல் எழுதுகிறவனாகச் சொல்கிறேன், அது பெரிய வேலையே இல்லை. யார் கேட்டார், யார் எத்தனை முறை உதவினார் என்று எல்லாம் பதிவாகிவிடும். பதிவு இருந்தால் அதற்கு மார்க் போடத் தோன்றும். எனக்கு இடறுவது அங்கேதான். மார்க்குக்காகச் சொல்லும் பதிலை உதவி என்று சொல்ல முடியுமா? ஆசிரியர் பார்க்கிறார் என்று தெரிந்தால், ‘எனக்கு அடிப்படையே புரியல’ என்று யார் எழுதுவார்கள்? தெரியாததை வெட்கமில்லாமல் சொல்ல ஓர் இடம் இல்லாமல் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

அதற்காகக் குழுக்களைப் புனிதமாக்கவும் முடியாது. ஸ்வயத்தில் பொறியியல் பாடங்களை நடத்தும் என்பிடெல், பெரும்பாலான பாடங்களில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 சதவீத மதிப்பெண் தருகிறது. அந்த விடைகள் டெலிகிராமில் சுற்றுகின்றன. விளக்கம் கேட்டவருக்கு விடையை மட்டும் தள்ளிவிடுவது உதவி ஆகாது. இன்னொரு அநீதி கண்ணுக்கே தெரியாது: சீனியர் பழக்கமோ ஹாஸ்டல் நட்போ இல்லாதவருக்குக் குழுவின் லிங்க் கிடைப்பதே இல்லை. வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்தான் அப்படி வெளியே நிற்பவர்களில் முதல் ஆள்.

ஆகவே இணைப்பு வேண்டும். ஆனால் எது எந்தப் பக்கம் போகிறது என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஆசிரியரின் விளக்கம் மாணவர்கள் இருக்கும் இடத்துக்குப் போகட்டும். குழுவில் தெளிந்த கேள்வியும் பதிலும், எழுதியவர்கள் சம்மதித்தால், பெயரில்லாமல் பொது அரங்குக்கு வரட்டும். லிங்க் கிடைக்காதவரும் படிப்பார். யார் கேட்டார், யார் தடுமாறினார் என்பது மட்டும் கல்லூரிக்குப் போகக் கூடாது.

டீக்கடை பெஞ்சில் நண்பன் சொல்லிக்கொடுத்த கணக்குக்கு யாரும் வருகைப்பதிவு எடுத்ததில்லை. அதனால் கல்விக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.